தெருவே கிளம்பிச் சமணர் மலைக்கு: புரட்டாசியில் ஓர் அரைநாள் கூட்டுப் பயணம் நடத்த முழு வழிகாட்டி

ஒரே தெருவிலோ ஒரே அடுக்குமாடியிலோ குடியிருக்கும் எட்டுப் பத்துக் குடும்பங்கள், கைப்பிள்ளையிலிருந்து அப்பத்தா வரை முப்பது நாற்பது பேர், மதுரையிலிருந்து விடியக்காலையில் கிளம்பி மத்தியானம் வீடு திரும்புவதற்கான வழிகாட்டி இது. செப்டம்பர் பின்பாதியும் அக்டோபர் முன்பாதியும் இதற்குத் தோதான காலம். வெயில் கொஞ்சம் இறங்கியிருக்கும். பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறை வரும். அடைமழை இன்னும் பிடித்திருக்காது.

இந்த மாதிரிப் பயணங்கள் சொதப்புவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், வேலைகளின் வரிசை மாறிப்போவது. முதல் வேலையாக வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். அப்புறம்தான் வாட்ஸ்அப் குழுவில் ‘எங்கே போகலாம்?’ என்று கேட்பார்கள். ஆளுக்கு ஓர் ஊர் சொல்வார்கள். யார் மனமும் நோகக் கூடாது என்று நாலு ஊர் முடிவாகும். மூன்றாவது ஊரில் பிள்ளைகள் வண்டியிலேயே தூங்கிக்கொண்டிருக்கும். ஆள், நாள், இடம், முன்பார்வை, வண்டி, சோறு என்ற வரிசையில் போனால் பாதித் தலைவலி தானே போய்விடும்.

1. ஆள் கணக்கு, வயதோடு

ஒரு நோட்டில் பெயரும் வயதும் எழுதுங்கள். ‘எங்க வீட்ல அஞ்சு பேர்’ என்பது கணக்காகாது. அந்த அஞ்சு பேரில் மூட்டு வலிக்காரர் ஒருவர், ஒரு வயதுக் குழந்தை ஒன்று இருந்தால் பயணத்தின் வேகத்தை நிர்ணயிப்பது அவர்கள் இரண்டு பேரும்தான்.

வயதுக்குப் பக்கத்தில் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: படி ஏற முடியுமா, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் மாத்திரை உண்டா, வண்டியில் வாந்தி வருமா. மூன்றாவதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். கேட்டே ஆகவேண்டும். வாந்தி வரும் பிள்ளையைப் பின் சீட்டில் உட்காரவைத்தால் மொத்த வேனுக்கும் பயணம் அங்கேயே முடிந்தது.

வருகிறோம் என்றவர்களில் ஒன்றிரண்டு குடும்பம் கடைசி நேரத்தில் நின்றுவிடும், அதேபோல் சொல்லாமல் ஒரு மச்சினனோ மருமகனோ கூட வந்து சேர்வார். அதற்குத் தக்கபடி நாலு இடம் கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

2. நாளைக் குறிப்பது

புரட்டாசிக் காலண்டரை விரித்து வைத்துக்கொண்டு முதலில் ஆகாத நாட்களை அடித்துவிடுங்கள்.

சனிக்கிழமைகள் வேண்டாம். பாதி வீடுகளில் பெருமாளுக்கு விரதம் இருப்பார்கள், தளிகை போடுவார்கள். அழகர்கோயில் சாலையும் நிரம்பி வழியும். மகாளய அமாவாசை அன்று பெரியவர்கள் யாரும் வரமாட்டார்கள். நவராத்திரி ஒன்பது நாளும் சாயங்காலம் கொலு வைத்த வீடுகளில் பெண்களுக்குக் கை ஓயாது. காலையில் போய் மத்தியானம் திரும்புவதாக இருந்தால் மட்டும் அந்த நாட்களை எடுக்கலாம். ஆயுத பூஜையன்று வேன்காரர்கள் வண்டியைக் கழுவி மாலை போட்டு நிறுத்திவிடுவார்கள், அன்றைக்குக் கூப்பிட்டால் வாடகையும் கூடும்.

மிச்சம் இருப்பது ஞாயிற்றுக்கிழமைகளும் காந்தி ஜெயந்தியும் காலாண்டு விடுமுறையின் வார நாட்களும். வேலைக்குப் போகிறவர்கள் இருப்பதால் ஞாயிறுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

அக்டோபர் மூன்றாம் வாரத்தைத் தாண்டவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். அதற்கு முன்பும் மழை இல்லாமல் இல்லை. பகல் முழுக்கக் காய்ந்து, சாயங்காலம் மேகம் திரண்டு இடியோடு ஒரு பாட்டம் கொட்டும். இந்த மழை காலையில் வருவது அபூர்வம். அரைநாள் பயணம் என்று அடித்துச் சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம். இரண்டு மணிக்குள் வீடு திரும்புகிறவர்களை அந்த மழை பிடிப்பதில்லை.

3. இடம்: ஒன்றே ஒன்று

மதுரையைச் சுற்றிப் போக இடத்துக்குப் பஞ்சமில்லை. கூட்டத்தின் வயதுக்கு எது பொருந்தும் என்பதுதான் கேள்வி.

அழகர்கோயில், பழமுதிர்சோலை, நூபுர கங்கை மூன்றும் பெரியவர்களுக்குப் பிடித்த இடங்கள். சாப்பாட்டு மூட்டையோடு போனால் குரங்குகளோடு மல்லுக்கட்டவேண்டும். புரட்டாசியில் கூட்டமும் சேரும். சாமி கும்பிடுவதற்கென்றே தனியாகப் போய்வரலாம்.

மேலூர்ப் பக்கம் உள்ள அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊர்களிலுமாக 193.42 ஹெக்டேர். குன்றுகள், சுனைகள், குடைவரைச் சிவன் கோயில், பாறை முகட்டில் வல்லூறு, கழுகு எல்லாம் உண்டு. அமைதியாக நடந்து பறவை பார்க்கும் ஏழெட்டுப் பேருக்கு அருமையான இடம். நாற்பது பேரோடும் ஒரு பந்தோடும் அங்கே போவது அந்த இடத்துக்குச் செய்யும் அநியாயம்.

கீழடி அருங்காட்சியகமும் (2023 மார்ச்சில் திறந்தது) தமுக்கத்துக்குப் பக்கத்தில் காந்தி அருங்காட்சியகமும் கூரைக்குக் கீழே இருப்பவை. இவற்றை மழைக்கு மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள்ளுங்கள். காந்தி மதுரையில் மேலச்சட்டையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறியது 1921 செப்டம்பர் 22. புரட்டாசியில் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனால் சொல்ல ஒரு கதை தயாராகக் கையில் இருக்கும்.

கலவையான வயதுக் கூட்டத்துக்கு என் தேர்வு கீழக்குயில்குடி சமணர் மலை. தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் திரும்பிப் போகவேண்டும். நகரத்திலிருந்து பக்கம், ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரும் வண்டியில் உட்கார வேண்டியதில்லை. மலை ஏற முடியாதவர்களுக்கு அடிவாரத்தில் ஆலமர நிழல், அய்யனார் கோயில், தாமரைக்குளம் இருக்கின்றன. ஏறுகிறவர்களுக்குப் படி இருக்கிறது. இரண்டு தரப்பும் ஒரே இடத்தில் இருந்தபடி ஆளுக்கொரு நாள் கழிக்கலாம். இந்த வசதி மற்ற இடங்களில் சுலபத்தில் கிடைக்காது.

இதோடு ‘பக்கத்துல தானே, அப்படியே திருப்பரங்குன்றத்தையும் பார்த்துட்டு...’ என்று ஒருவர் கட்டாயம் ஆரம்பிப்பார். அவருக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கிக் கொடுங்கள்.

4. முன்பார்வை

கிளம்பும் நாளுக்கு முந்தின ஞாயிறு, அதே நேரத்தில், இரண்டு பேர் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். ‘நான் போயிருக்கேன், எனக்குத் தெரியும்’ என்பவர் எந்த வருடம் போனார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்க்கவேண்டியவை இவை. வேன் எங்கே நிற்கும், எங்கே திரும்பும்? காலை எட்டு மணிக்கு நிழல் எங்கே விழுகிறது, பதினோரு மணிக்கு எங்கே நகர்கிறது? ஜமுக்காளம் விரிக்கும் இடத்தில் எறும்புப் புற்று உண்டா? குளத்தில் தண்ணீர் எவ்வளவு, கரை வழுக்குமா? செல்போன் சிக்னல் மலைமேல் கிடைக்கிறதா? பாறைப் பொந்துகளில் தேன்கூடு தொங்குகிறதா?

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி கழிப்பறை. பெண்கள் பலர் இதற்குப் பயந்தே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். பத்து மணிக்குத் தலைவலி, பதினொரு மணிக்கு மயக்கம். வெயில்தான் காரணம் என்று எல்லாரும் நினைப்பார்கள். முன்பார்வைக்குப் போகிற இரண்டு பேரில் ஒருவர் பெண்ணாக இருந்தால் இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வரும். அங்கே என்ன இருக்கிறது, சுத்தமாக இருக்கிறதா, பூட்டியிருந்தால் சாவி யாரிடம், வழியில் நிறுத்தக்கூடிய பெட்ரோல் பங்க் எது என்பதைக் குழுவில் எழுதிப் போட்டுவிடுங்கள்.

ஊர்க்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அய்யனார் கோயிலில் அன்றைக்குக் கிடாவெட்டோ காதுகுத்தோ இருந்தால் நிழல் முழுக்க அவர்களுடையது, நீங்கள் வேறு நாள் பார்த்துக்கொள்ளவேண்டியதுதான். மலை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அடுப்பு மூட்டுவது, சுவரில் எழுதுவது, பாறையில் பெயிண்ட் அடிப்பது எதுவும் கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ சட்டத்தில் உண்டு. வளர்ந்த பையன்களுக்கு இதை முன்னாலேயே காதில் போட்டு வையுங்கள்.

5. வண்டி

இப்போதுதான் வண்டி. ஆளும் நாளும் இடமும் தெரிந்தபின் பேசினால் வேன்காரரிடம் தெளிவாகப் பேரம் பேசலாம்.

மஞ்சள் போர்டு வண்டிதான் வேண்டும். தெரிந்தவருடைய வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்தால் நூறு இருநூறு மிச்சமாகலாம். வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் பணம் வருவது சிக்கல்.

பேசும்போது நாலு விஷயத்தைக் கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் வாங்கிவிடுங்கள்: எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர், டீசல் அதில் சேர்த்தியா, டிரைவர் பேட்டா தனியா. சின்னப் பிள்ளைகளை ‘மடியில் வச்சுக்கலாம்’ என்று சீட்டுக் கணக்கில் விடாதீர்கள். போகும்போது மடியில் இருக்கும், திரும்பும்போது தூங்கி விழும்.

ஏறும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். வீடு வீடாக ஏற்றினால் கிளம்பவே முக்கால் மணி நேரம் போய்விடும். ஆறு மணிக்கு வண்டி எடுக்கவேண்டும் என்றால் எல்லாரிடமும் ஐந்தே முக்கால் என்று சொல்லுங்கள்.

6. பணம்

வருகிறவர்கள் எல்லாரும் நாலு நாள் முன்னதாகவே பணம் கொடுத்துவிடவேண்டும். பெரியவர்களுக்கு ஒரு தொகை, ஐந்து வயதுக்கு மேல் பாதி, அதற்குக் கீழே இல்லை. பணம் வாங்குகிறவரும் செலவு செய்கிறவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் நட்பு நீடிக்கும்.

7. சோறு

சமைப்பதைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதே நல்லது. ‘அவங்கவங்களுக்குப் பிடிச்சதைச் செஞ்சு கொண்டுவாங்க’ என்று விட்டுவிட்டால் ஆறு வீட்டு எலுமிச்சைச் சோறும் ஒரு டப்பா சிப்ஸும் வந்து நிற்கும். யார் எதை, எத்தனை பேருக்கு என்று பெயர் போட்டு எழுதுங்கள்.

புரட்டாசியாதலால் கறி, முட்டை வேண்டாம். நீங்கள் சாப்பிட்டாலும் விரதக்காரர்கள் பக்கத்தில் உட்காரத் தயங்குவார்கள்.

காலைக்குப் பொடி இட்லி. இட்லி ஆறியபின் நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் இரண்டு பக்கமும் தடவி வாழையிலையில் அடுக்கிக் கட்டவேண்டும். சூட்டோடு கட்டினால் வேர்த்து நசநசத்துவிடும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். விடியக்காலை அரைத்தது ஒன்பது மணிக்கு நுரைக்கத் தொடங்கிவிடும்.

மத்தியானத்துக்குப் புளியோதரையும் தயிர்ச்சோறும். புளிக்காய்ச்சலை முந்தின இரவே காய்ச்சி வைத்துவிடலாம். காலையில் சோற்றை உதிர வடித்து, அகலமான தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு நன்றாக ஆறவைத்தபின் கிளறுங்கள். அவசரப்பட்டு ஆவி பறக்க டப்பாவில் அடைப்பதுதான் கட்டுச்சோறு கெட்டுப்போவதற்கு முதல் காரணம். உள்ளே நிற்கும் ஈரமும் இளஞ்சூடும் நாலு மணி நேரத்தில் வேலையைக் காட்டிவிடும்.

தயிர்ச்சோற்றுக்கு ஒரு சூட்சுமம் உண்டு. காலையில் தயிரை ஊற்றிப் பிசைந்தால் பன்னிரண்டு மணிக்குப் புளித்துப் பிள்ளைகள் முகம் சுளிக்கும். சோற்றைக் குழைய வடித்து, சூட்டில் மசித்து, காய்ச்சிய பாலைத் தாராளமாக ஊற்றிக் கிளறி, ஆறியபின் இரண்டு கரண்டி தயிர் மட்டும் சேர்த்துத் தாளித்துவிடுங்கள். வண்டியிலும் மர நிழலிலும் இருந்தபடியே உறைந்து, சாப்பிடும் நேரத்துக்குச் சரியான பதத்தில் இருக்கும்.

வெஞ்சனத்துக்கு உருளைக்கிழங்கு வறுவல், மோர்மிளகாய், மாங்காய் ஊறுகாய் போதும். குழம்பு, ரசம், பாயசம் என்று ஊற்றுகிற சாமான் எதுவும் வேண்டாம். ஒரு தூக்குவாளி சாய்ந்தால் வேன் முழுக்கப் புளிவாடை.

நடுவில் கொறிக்க வெள்ளரிக்காய், கொய்யா, வேகவைத்த நிலக்கடலை. நவராத்திரி நேரமாக இருந்தால் எந்த வீட்டிலாவது சுண்டல் மிஞ்சியிருக்கும், ஆனால் முந்தின நாள் சாயங்காலத்துச் சுண்டலை எடுத்துவராதீர்கள். அன்றைக்குக் காலையில் தாளித்தது, தேங்காய் போடாதது என்றால் சரி.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். செப்டம்பரிலும் மதுரையில் 35 டிகிரி தொடுவது சாதாரணம். அதற்குத் தக்கபடி பெரிய கேன்களை வண்டியில் வைத்து, ஆளுக்கொரு பாட்டிலில் நிரப்பிக்கொள்ளலாம். மோர் ஒரு பானை தனியாக. தட்டுக்கு வாழையிலை, இல்லாவிட்டால் வீட்டு எவர்சில்வர் தட்டையே எடுத்துவரச் சொல்லுங்கள்.

8. முந்தின இரவும் காலையும்

இரவு ஒன்பது மணிக்கு ஒரே ஒரு செய்தி போடுங்கள்: ஏறும் இடம், நேரம், யார் எந்தச் சாப்பாடு, பொறுப்பாளர்களின் எண். அதற்கு மேல் குழுவில் குட் நைட் படங்கள் வந்து செய்தியை மூழ்கடித்துவிடும். அதனால் அதை மேலே பின் செய்துவிடுங்கள்.

வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பை இரவு ஒரு தடவை, காலை ஐந்து மணிக்கு ஒரு தடவை பாருங்கள். மதுரை மாவட்டத்துக்குக் கனமழை எச்சரிக்கை இருந்தால் அருங்காட்சியகத் திட்டத்துக்கு மாறிவிடவேண்டும். அது திறந்திருக்குமா என்பதை முதல் நாளே போன் போட்டுக் கேட்டிருக்கவேண்டும். மாற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அதிகாரம் ஒரே ஆளிடம் இருக்கட்டும். விடியக்காலையில் நாற்பது பேர் ஓட்டெடுப்பு நடத்த முடியாது.

பொதுப் பையில் இருக்கவேண்டியவை: முதலுதவிப் பெட்டி, ஓஆர்எஸ் பொட்டலம், வாந்திக்குப் பிளாஸ்டிக் பை, விசில் மூன்று, கயிறு, ஜமுக்காளம், பழைய துண்டுகள், டிஷ்யூ, சோப்பு, குப்பைக்குப் பெரிய சாக்கு இரண்டு, கோலமாவு ஒரு பொட்டலம். கோலமாவு எதற்கு என்று விளையாட்டுப் பகுதியில் தெரியும்.

காலில் பிடிப்புள்ள செருப்போ ஷூவோ போட்டுவரச் சொல்லுங்கள். புதுச் செருப்பு, குதிகால் உயர்ந்த செருப்பு இரண்டும் பாறையில் ஆபத்து.

9. மலை ஏறுவது

இறங்கியதும் இலையைப் போடுவது எல்லாருக்கும் வரும் ஆசை. கொஞ்சம் பொறுங்கள். வாழைப்பழமும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்து மலையை முதலில் முடித்துவிடுங்கள். காலை ஏழு மணிக்குப் பாறை குளிர்ந்திருக்கும், பத்து மணிக்கு மேல் கை வைக்க முடியாது. வயிறு முட்ட இட்லி தின்ற பிள்ளை பாதிப் படியில் உட்கார்ந்துவிடும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களுக்கு மட்டும் இதில் விலக்கு. அவர்கள் நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டு அடிவாரத்தில் இருக்கட்டும்.

ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பிரியுங்கள். சொந்தப் பிள்ளையைச் சொந்தப் பெற்றோரிடம் விடாமல் மாற்றிக் கொடுத்தால் பிள்ளைகள் சொன்னபடி கேட்பார்கள், இது எப்படியென்று தெரியவில்லை, ஆனால் நடக்கிறது. முன்னால் போகிறவரைத் தாண்டி யாரும் போகக் கூடாது, கடைசியாக வருகிறவருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. இந்த இரண்டு பேரிடமும் விசில் இருக்கவேண்டும்.

அய்யனார் கோயிலை ஒட்டிப் பாறையில் ஏறும் படி பேச்சிப்பள்ளத்துக்குப் போகிறது. அங்கே ஒரு பாறை வரிசையில் சமணத் தீர்த்தங்கரர்களின் (சமண சமயத்தின் முதன்மைக் குருமார்கள்) சிற்பங்கள், கீழே வட்டெழுத்து என்ற பழந்தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள். பத்து நிமிஷம் வரலாற்றுச் சொற்பொழிவு நடத்தினால் பிள்ளைகள் கல்லெறியத் தொடங்கிவிடுவார்கள். கேள்வியாகக் கேளுங்கள். மொத்தம் எத்தனை உருவம்? தலைக்கு மேல் பாம்பு படம் எடுத்து நிற்பது யாருக்கு? காலில் கொடி சுற்றியிருப்பவர் எங்கே? பாம்புக் குடை பார்சுவநாதருடையது, கொடி சுற்றியவர் சமணத் துறவி பாகுபலி. கண்டுபிடித்த பிள்ளை அதற்கப்புறம் தானே மற்றவர்களுக்குக் கதை சொல்லும். எழுத்தைத் தொட்டுத் தடவுவதும், தெளிவாகத் தெரியட்டும் என்று சுண்ணாம்பு தேய்ப்பதும் கூடாது. விரலின் எண்ணெயும் வியர்வையும் கல்லைத் தின்னும்.

இதற்கும் மேலே மாதேவிப் பெரும்பள்ளி என்ற பழைய சமணப் பள்ளியின் (துறவிகளின் மடம்) அடித்தளம் இருக்கிறது. அங்கே போவதைப் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உச்சி வரை போவது இளவட்டங்கள் தனியாக வரும்போது செய்யவேண்டிய வேலை. மலையின் இன்னொரு பக்கத்தில் இருக்கும் செட்டிப்பொடவுக் குகையை அன்றைக்கே சேர்க்கலாமா என்பது மணியைப் பார்த்து எடுக்கும் முடிவு. எட்டரைக்கு மேல் ஆகிவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஏறும்போது யாருக்கும் அடிபடுவதில்லை. இறங்கும்போதுதான் ஓடுவார்கள். பெரியவர் முன்னால் குறுக்கே நடந்து வேகத்தைக் கட்டுப்படுத்தவேண்டும், பிள்ளைகள் அவருக்குப் பின்னால் ஒற்றை வரிசை. முந்தின நாள் மழை பெய்திருந்தால் பாசி படிந்த இடங்கள் வழுக்கும், அன்றைக்குப் படிக்கு வெளியே பாறையில் கால் வைக்கவே கூடாது.

கீழே வந்ததும் தலையை எண்ணுங்கள். அப்புறம் இலை போடலாம்.

10. விளையாட்டு

ஒன்பதே முக்காலிலிருந்து பதினொன்றரை வரை நிழலில் விளையாட்டு. மைக், பாட்டுப் பெட்டி இரண்டையும் வீட்டிலேயே விட்டுவாருங்கள். ஊர்க்காரர்களுக்கும் தொந்தரவு, தேனீக்களுக்கும் தொந்தரவு.

பத்து விளையாட்டுப் பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறவர்களை நிறையப் பார்க்கலாம். மூன்று போதும். முதலில் கிளித்தட்டு. கோலமாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், மழையில் தானே கரையும், அரிசி மாவாக இருந்தால் எறும்புக்கும் ஆகும். அப்பாக்களும் அம்மாக்களும் இறங்கும் ஆட்டம் இதுதான். அடுத்து ஏழு கல். தட்டையான கற்களை அங்கே பொறுக்கிக்கொள்ளலாம், சிற்பம் இருக்கும் பாறையிலிருந்து பெயர்த்து எடுக்காதீர்கள். பந்து ரப்பர் பந்தாக இருக்கட்டும், டென்னிஸ் பந்து முகத்தில் பட்டால் அன்றைய நாள் அழுகையில் முடியும். கடைசியாக, சின்னதுகளுக்குப் ‘பூப்பறிக்க வருகிறோம்’. ஓடிக் களைத்தவர்களும் நின்ற இடத்திலேயே சேர்ந்துகொள்ளலாம்.

ஓட்ட ஆட்டம் முதலில், நின்று ஆடுவது கடைசியில். இந்த வரிசையை மாற்றினால் சாப்பாட்டுக்கு உட்காரும்போது எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள், உச்சிவெயிலும் தலைக்கு மேல் இருக்கும்.

தாத்தாக்களுக்குத் தாயக்கட்டை, அப்பத்தாக்களுக்குப் பல்லாங்குழி. ஜமுக்காளத்தின் ஓரத்தில் விரித்துவைத்தால் போதும், யாரும் நடத்திவைக்க வேண்டியதில்லை. பேரன் பேத்திகள் தானாக அங்கே ஒட்டிக்கொள்வார்கள்.

இந்த நேரம் முழுக்கக் குளத்தின் பக்கம் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கவேண்டும். அவருக்கு வேறு வேலை எதுவும் கிடையாது, செல்போனும் கிடையாது. அரைமணிக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். ‘எல்லாரும் பார்த்துக்குவோம்’ என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். தாமரைத் தண்டு காலைச் சுற்றும், அடியில் சேறு இழுக்கும். பூப் பறிக்க இறங்கும் பிள்ளையைக் கரையில் நிற்கும்போதே தடுக்கவேண்டும்.

11. இடி, தேனீ, பாம்பு, காணாமல் போதல்

இடிச் சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறீர்கள். மலைமேல் இருந்தால் உடனே இறங்குங்கள். எல்லாரும் ஆலமரத்தடிக்கு ஓடுவார்கள், அங்கே நிற்கக் கூடாது. கண்ணாடியை ஏற்றிவிட்டு வேனுக்குள் உட்காருவது பாதுகாப்பு. கடைசி இடி கேட்டு முப்பது நிமிஷம் ஆகும்வரை வெளியே வரவேண்டாம்.

மலைத்தேனீ கலைந்தால் கையை வீசி விரட்டாமல், துண்டால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு அந்த இடத்தைவிட்டு வேகமாக விலகவேண்டும். நிறையக் கொட்டு பட்டவரையும், மூச்சு இரைப்பவரையும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கூட்டுக்குக் கீழே புகை போடுவதும் கல்லெறிவதும்தான் பெரும்பாலும் இதைத் தொடக்கிவைக்கும்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்று தெரிந்தால் வேனிலேயே கிளம்பிவிடுங்கள். விஷமுறிவு மருந்து கிடைக்கும் பெரிய இடம் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. பாம்பைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும் என்று யாராவது கிளம்புவார்கள், அவரை உட்காரவையுங்கள்.

காணாமல் போகும் பிள்ளைக்கு முன்னாலேயே சொல்லிவைக்கவேண்டிய விதி ஒன்றுதான்: எங்கே நிற்கிறாயோ அங்கேயே நில், விசில் கேட்டால் கத்து. சின்னப் பிள்ளைகளின் கைமணிக்கட்டில் பொறுப்பாளர் எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள். வியர்வையில் அழியும், பத்து மணிக்கு ஒருமுறை திரும்ப எழுதுங்கள்.

12. கிளம்புவது

பன்னிரண்டுக்குச் சாப்பாடு, ஒரு மணிக்கு வண்டி. சாப்பிட்டதும் பெரியவர்களுக்கு ஜமுக்காளத்தில் கண் சொக்கும், அதனால் டிரைவரை முதலில் சாப்பிடவைத்து அவருக்கு அரைமணி நேரம் தூக்கம் கொடுத்துவிடுங்கள். மற்றவர்கள் வண்டியில் தூங்கிக்கொள்ளலாம்.

மிச்சச் சோற்றைக் குரங்குக்கும் நாய்க்கும் அள்ளிப் போட்டுவிட்டு வராதீர்கள். அடுத்த வாரம் வருகிறவர்களின் பையை அவை பிடுங்கும். இலையை ஒரு சாக்கில், பிளாஸ்டிக்கை இன்னொரு சாக்கில் போட்டு வேன் மேல் கட்டி வீட்டுக்கே கொண்டுவந்து, தெருவில் வரும் தூய்மைப் பணியாளர்களிடம் பிரித்துக் கொடுங்கள். பிள்ளைகளை விட்டுப் பொறுக்கச் சொன்னால் பெரியவர்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். எல்லாரும் ஒரே வரிசையாக நின்று, ஆலமரத்திலிருந்து குளக்கரை வரை நடந்தால் பத்து நிமிஷ வேலை.

வண்டி ஏறும்போது நோட்டிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தலையை மட்டும் எண்ணினால், பக்கத்து வேன் பிள்ளை ஒன்று இங்கே ஏறி, நம் பிள்ளை ஒன்று கீழே நின்றாலும் கணக்குச் சரியாகவே வரும்.

வரும் வழியில் ஜிகர்தண்டாவுக்கு நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுவார்கள். நிறுத்தலாம். ஆனால் அதை முன்பே கணக்கில் எழுதி, கடையில் எத்தனை கிளாஸ் என்று போன் போட்டுச் சொல்லிவிட்டால்தான் பத்து நிமிஷத்தில் முடியும். இல்லாவிட்டால் சாயங்கால மழை உங்களைச் சாலையிலேயே பிடித்துவிடும்.

செலவுக் கணக்கை அன்றைக்கு ராத்திரியே குழுவில் போட்டுவிடுங்கள். மிச்சப் பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று திருப்பிக் கொடுங்கள், பத்து ரூபாயானாலும் சரி. பாத்திரங்கள் மாறிப்போவதுதான் ஒரு வாரம் இழுக்கும் வழக்கு. கிளம்புவதற்கு முன்னாலேயே மூடியிலும் தூக்கிலும் நெயில் பாலிஷால் வீட்டு எண்ணை எழுதிவைத்துவிட்டால் அந்தப் பஞ்சாயத்தும் இருக்காது.